குட்டி வந்ததும் பெரியவள் பழக்கத்தை மறந்துவிட்டாளா?

கேள்வி: மதுரை திருநகரில் குடியிருக்கிறோம். எங்கள் செல்லிக்கு ஆறு வயது. நாட்டு நாய், பெட்டை, கருத்தடை செய்யவில்லை. குட்டியாக வந்து பழகிய பிறகு வீட்டுக்குள் ஒருநாளும் அசிங்கம் பண்ணியதில்லை. காலை ஐந்தரை, மாலை ஆறு, ராத்திரி ஒன்பதரை என மூன்று வேளை வெளியே கூட்டிப் போனால் போதும். போன மாதம், கோவையில் வேலை பார்க்கும் மகன் 50 நாள் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டுப் போனான். அன்றிலிருந்து செல்லி ஆளே மாறிவிட்டாள். விடிகாலையில் எழுந்து பார்த்தால் ஹாலில் குளம் கட்டி நிற்கிறது. பகலில் குட்டி படுக்கும் பழைய சேலையின் மேல் கொஞ்சமாகப் போய்விட்டு வருகிறாள். குட்டி நெருங்கினால் உறுமுகிறாள். என் வீட்டுக்காரர் பேப்பரைச் சுருட்டி இரண்டு போடு போடுகிறார். குட்டிக்குப் பால் கொடுத்துத் தூங்க வைக்கவே பத்தரை ஆகிவிடுவதால் ராத்திரி வாக்கிங் விட்டுப்போகிறது. மிச்சப் பாலைச் செல்லிக்கு ஊற்றிவிடுவேன், அவளையும் கவனித்த மாதிரி இருக்குமே என்று. "இது பொறாமை. உசிலம்பட்டித் தோட்டத்தில் கொண்டுபோய் விடு" என்கிறார் மாமியார். இரண்டில் யாரை அனுப்புவது?

— ஒரு வாசகி

பதில்: இப்போதைக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். ஆனால் நாளைக் காலையே செல்லியை டாக்டரிடம் காட்டுங்கள். பொறாமையா, பிடிவாதமா என்ற பேச்சையெல்லாம் அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த அவசரத்துக்குக் காரணம் நீங்கள் எழுதிய ஒரு வரி: ஆறு வயதுப் பெட்டை, கருத்தடை இல்லை. இப்படிப்பட்ட நாய்களுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வருவதுண்டு. பெரும்பாலும் பருவத்துக்கு வந்து போன சில வாரங்களில் வரும். தண்ணீர் அதிகம் குடிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும், சோர்ந்து படுக்கும், வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும். சில நாய்களுக்குப் பிறப்புறுப்பிலிருந்து சீழ் கசியும். சிலவற்றுக்கு வெளியே எதுவுமே தெரியாது. அதுதான் ஆபத்து. விட்டால் உயிருக்கே வரும். செல்லி கடைசியாகப் பருவத்துக்கு வந்தது எப்போது என்று யோசித்துவிட்டு டாக்டரிடம் போங்கள். இது இல்லாவிட்டாலும் சிறுநீர்ப்பாதைத் தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு என்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன. காலையில் முதல் தடவை போகும்போது சுத்தமான எவர்சில்வர் குழிக்கரண்டியை அடியில் நீட்டினால் சிறுநீர் பிடித்துவிடலாம். மூடியுள்ள சின்ன டப்பாவில் ஊற்றி ஓரிரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள். பரவாயில்லை.

டாக்டர் "உடம்புக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஹாலில் கட்டும் குளத்துக்குக் காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடமாக ஒன்பதரைக்கு வெளியே போய்ப் பழகியவளுக்கு அந்த வாக்கிங்கை நிறுத்திவிட்டு, பத்தரைக்கு மேல் பாலையும் ஊற்றுகிறீர்கள். மாலை ஆறு மணியிலிருந்து காலை ஐந்தரை வரை கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம். யாரால் அடக்க முடியும்? அவள் எதையும் மறக்கவில்லை. அவளுடைய நாள்தான் குலைந்து போயிருக்கிறது. குட்டியைப் பழக்குவதற்கு முன்னால் செல்லியின் நேரங்களைத் திருப்பிக் கொடுங்கள். ஒன்பதரை வாக்கிங் கட்டாயம். உங்களால் முடியாவிட்டால், பேப்பர் சுருட்டும் உங்கள் வீட்டுக்காரர் கையில் சங்கிலியைக் கொடுங்கள். அந்த நடையில் குட்டி கூட வரக்கூடாது. அது செல்லிக்கு மட்டுமான நேரம். மிச்சப் பால் வேண்டவே வேண்டாம். சொல்லப்போனால் குட்டிக்கும் பசும்பால் வேண்டாம். தாயை விட்டு வந்த குட்டிகள் பலவற்றுக்கு அது செரிக்காமல் வயிற்றுப்போக்குதான் ஆகும். குட்டிகளுக்கான தீவனமோ, டாக்டர் சொல்லும் வீட்டுச் சாப்பாடோ ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கடைசி வேளையை எட்டு மணிக்குள் முடித்துவிட்டால் பத்தரை வரை தாலாட்டும் வேலை பெரும்பாலும் இருக்காது.

சேலை விஷயம் வேறு. கொஞ்சமாக, அதுவும் குட்டியின் படுக்கையைத் தேடிப் போய் விடுவது அடையாளம் வைக்கும் வேலை. கடுவன் மட்டும்தான் அப்படிச் செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள்; பெட்டைகளும் செய்யும். தன் வாடை மட்டும் இருந்த வீட்டில் புது வாடை ஏறிவிட்டது. அதன்மேல் தன்னுடையதைப் போட்டு வைக்கிறாள். பழிவாங்கும் எண்ணமெல்லாம் நாய்க்குக் கிடையாது. மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் பயத்தைத்தான் கூட்டும். பயந்த நாய் உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் போகும், அவ்வளவுதான்.

இன்னொன்று கேட்க வேண்டும். குட்டிக்காக ஹாலில் பேப்பர் விரித்திருக்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நேற்று வரை கூடாது என்றிருந்த இடத்தில் இன்று ஒருவன் தாராளமாகப் போகிறான், யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்றால், அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு செல்லியும் அங்கேதான் போவாள்.

துடைக்கும் விஷயத்திலும் பலர் தவறவிடுகிறார்கள். பினாயில் ஊற்றித் துடைத்தால் நம் மூக்குக்கு வீடு மணக்கும்; அடியில் இருக்கும் மூத்திர வாடை நாய்க்கு அப்படியே தெரியும். அம்மோனியா கலந்த திரவங்கள் இன்னும் மோசம், சிறுநீரில் எழுவதும் அந்த வாடைதான். நாய்ப் பொருள் விற்கும் கடைகளில் என்சைம் கலந்த கறைநீக்கி கிடைக்கும். அதை ஊற்றி உடனே துடைத்துவிடாமல், பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட வேண்டும். வினிகர் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் முதலில் உங்கள் தரையைப் பாருங்கள். மார்பிளையும் பழைய மொசைக்கையும் வினிகர் அரித்துவிடும். டைல்ஸ் என்றால் தண்ணீர் கலந்து ஊற்றலாம். குட்டியின் சேலையைத் துவைத்து மாற்றிக்கொண்டே இருங்கள்.

அடுத்து உறுமல். இதை மட்டும் உங்கள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள். உறுமுவது "தள்ளிப் போ" என்று மரியாதையாகச் சொல்வது. பெரிய நாய்கள் குட்டிகளுக்கு எல்லையைக் கற்றுக்கொடுப்பது இப்படித்தான். ஊசிப் பல்லை வைத்துக்கொண்டு காதைப் பிடித்துத் தொங்கும் குட்டியை வேறு எப்படிச் சமாளிப்பது? அந்த உறுமலுக்கு அடி விழுந்தால், செல்லி உறுமுவதை நிறுத்திவிடுவாள். கோபம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். பிறகு ஒருநாள் சத்தமே இல்லாமல் கடித்துவிடுவாள். உறுமினால் குட்டியைத் தூக்கி அப்புறம் வையுங்கள், செல்லியை ஒன்றும் சொல்லாதீர்கள். உடம்பு விறைத்து அசையாமல் முறைப்பது, துரத்தித் துரத்திப் போவது, குட்டி கத்திய பிறகும் அமுக்கிய பிடியை விடாமல் இருப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் இரண்டையும் பிரித்து வைத்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். எப்படியும் இன்னும் சில வாரங்களுக்கு, கடைக்குப் போகும்போது இரண்டையும் ஒரே அறையில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

சாப்பாட்டுத் தட்டு இருவருக்கும் வேறு வேறு, முடிந்தால் வேறு வேறு அறையில். செல்லி படுக்கும் இடத்துக்குக் குட்டி வரமுடியாதபடி நிலைப்படியில் ஒரு பலகையைக் குறுக்கே வையுங்கள். சிப்பிப்பாறை சீக்கிரம் வளரும், பலகை கொஞ்ச நாளைக்குத்தான். அதற்குள் "அது அவள் இடம்" என்று பழகிவிட வேண்டும்.

இரண்டு நாய்களைப் பொதுவான இடத்தில், பூங்காவில், சேர்ந்து நடக்க வைத்துப் பழக்கு என்று புத்தகங்களில் இருக்கும். நல்ல யோசனைதான். ஆனால் நம் தெருக்களில் தெருநாய்கள் நடமாடும்; தடுப்பூசி முடியாத குட்டியை அந்தத் தரையில் விட்டால் பார்வோ வரலாம், அது குட்டிகளைக் கொன்றுவிடும் வியாதி. அதனால் மொட்டைமாடியைப் பயன்படுத்துங்கள். பக்கத்து வீட்டு மாடி கிடைத்தால் இன்னும் நல்லது, அது செல்லியின் எல்லை கிடையாது. வெயில் ஏறுவதற்கு முன் ஆளுக்கொரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, முதலில் நாலைந்து அடி தள்ளி, பக்கவாட்டில் நடங்கள். செல்லி குட்டியைப் பார்த்தும் பேசாமல் இருந்தால் உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. குட்டி வந்தால் நல்லது நடக்கிறது என்று அவள் கணக்குப் போட ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது.

குட்டிக்கு இப்போது ஏறக்குறைய 80 நாள் ஆகியிருக்கும். இந்த வயதில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கமுடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், ஆடி முடித்ததும் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போங்கள். ராத்திரியும் ஒருமுறை எழ வேண்டியிருக்கும். பகலில் செல்லியைப் போகச் சொல்லும்போது குட்டியையும் அருகில் இறக்கிவிட்டால், அவளைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளும். அவள் வெளியே போனதும் பாராட்டுங்கள், குட்டிக்குச் செய்வது போலவே. ஆறு வயதாகிவிட்டது, இதெல்லாம் அவளுக்கே தெரியுமே என்று விட்டுவிடாதீர்கள். முதல் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் போட்டாயிற்றா என்று எழுதவில்லை. போடவில்லை என்றால் செல்லியோடு சேர்த்தே கொண்டுபோங்கள், இடுப்பில் தூக்கியபடி. மருத்துவமனைத் தரையில் விட வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். செலவை, குட்டியை இறக்கிவிட்டுப் பஸ் ஏறிய மகனிடம் தாராளமாகக் கேளுங்கள்.

மாமியாருக்குச் சொல்ல வேண்டியது: ஆறு வருடம் வீட்டுக்குள் வளர்ந்தவளைத் தோட்டத்தில் விட்டால், அங்குள்ள நாய்கள் சும்மா விடாது. அவளும் வீட்டைத் தேடி ரோட்டில் இறங்கிவிடுவாள். அந்தப் பேச்சு வேண்டாம். ஒருவேளை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், அது குட்டியாகத்தான் இருக்க முடியும். முயல் விரட்டுவதற்கென்றே வளர்த்த இனம் அது. ஓட இடமில்லாத வீட்டில் நாற்காலிக் காலைக் கடித்துக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டிருந்தால் திருநகர் வீட்டுக்குச் சிப்பிப்பாறை வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வந்துவிட்டது, சரி. தினமும் காலையில் ஓடவிட ஆள் இருக்கிறாரா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

குட்டி கடுவன் என்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆறேழு மாதத்தில் அதற்கும் வயது வந்துவிடும். செல்லிக்கு இப்போது உடம்பு சரியாக இருந்தால், டாக்டரிடம் கருத்தடைக்கும் தேதி கேட்டுவிட்டு வாருங்கள். சீழ்நோய்ப் பயமும் தீரும், தை மாதத்தில் எட்டுக் குட்டிகளுக்கு வீடு தேடி எனக்குக் கடிதம் எழுதும் வேலையும் இருக்காது.