ஆம்புலன்ஸில் எழுதவேண்டிய தாள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். தாவரவியலில் பட்டம் முடித்து, 50 நாள் பயிற்சி பெற்று, 108 ஆம்புலன்ஸில் ஈ.எம்.டி.யாக, அதாவது நோயாளியோடு போகும் அவசர மருத்துவப் பணியாளனாக, வேலை செய்கிறேன். மலையடிவார ஊர், 12 மணி நேர ஷிஃப்ட். சென்ற மாதம் ஓர் இரவு, பைக்கிலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுபோனோம். ஏற்றும்போது நன்றாகப் பேசினார். வழியில் வாந்தி எடுத்தார், பிறகு பேச்சு குழறியது. இதை மருத்துவமனையில் சொல்லத் தொடங்கியபோது பணியில் இருந்த மருத்துவர், “ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கிட்டுக் கிளம்புப்பா, கதையெல்லாம் வேண்டாம்” என்றார். நான் மருத்துவப் பணியாளனா, சுமை தூக்குகிறவனா என்று தெரியவில்லை. கேஸ் தாளை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஞாபகத்திலிருந்து நிரப்பிக் கொடுத்துவிடுவோம். அதையும் யாரும் படிப்பதில்லை. ஆனாலும் ஜனங்கள் எங்களைக் கடவுள் என்கிறார்கள். அது போதும் என்று சில நாட்களில் தோன்றும். சம்பளம் போதவில்லை. வீட்டில் குரூப் 4 எழுதச் சொல்கிறார்கள், நண்பன் வளைகுடாவுக்குக் கூப்பிடுகிறான். இந்தத் தொழிலில் நீடிக்கலாமா? எங்களைப் பற்றி ஏன் யாரும் கதை எழுதுவதில்லை?

க.

அன்புள்ள க.,

வேலையில் நீடிக்கலாமா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவதன் காரணம், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1967-இல் தொடங்கப்பட்ட ஓர் ஆம்புலன்ஸ் சேவையைப் பற்றிச் சில வாரங்களாக வாசித்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்ததுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

குரூப் 4 எழுதுவது உங்கள் விருப்பம். எழுதுவதற்காக இந்த வேலையை விட வேண்டியதில்லை. வளைகுடாவைப் பற்றி அங்கே போய்வந்தவர்களைக் கேளுங்கள். சம்பளமும் எட்டு மணி நேர ஷிஃப்டும் நியாயமான கோரிக்கைகள். அவற்றுக்குச் சங்கம் இருக்கிறது, என் வக்காலத்து தேவையில்லை. கதை எழுதுவதில்லை என்ற குறையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கதையைவிட அவசரமாக எழுதவேண்டிய ஒன்றை நீங்கள் எழுதாமல் இருக்கிறீர்கள், என் கோபம் அதன்மேல்தான்.

உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். அந்த மருத்துவர் உங்களிடம் பேசியது சொல்லுக்குச் சொல் அதில் இருக்கிறது. அடிபட்டவர் வாந்தி எடுத்தது எத்தனை மணிக்கு, பேச்சு குழறத் தொடங்கியது எத்தனை மணிக்கு என்பது இல்லை. அவமானம் நினைவில் நின்றது, நேரம் நிற்கவில்லை. இது இயல்புதான், எல்லா மனிதருக்கும் அப்படித்தான். ஆனால் அந்த வண்டியின் பின்பகுதியில் உட்காருகிறவர் எல்லா மனிதரையும்போல் இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே பயிற்சி?

தலையில் அடிபட்டவருக்கு மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே இரத்தம் கசிந்தால், சிறிது நேரம் அவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று சரியக்கூடும் என்பது உங்களுக்குப் பாடமாகவே சொல்லப்பட்டிருக்கும். அந்தத் தெளிவு எவ்வளவு நேரம் நீடித்தது, எவ்வளவு வேகமாகக் குலைந்தது என்பதைக் கண்ணால் கண்டவர், பைலட் என்று நீங்கள் சொல்லும் ஓட்டுநர் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் ஒருவர்தான். கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரு மருத்துவர்கள் 1974-இல் வகுத்த நினைவுநிலை அளவுகோலை நீங்கள் அன்றாடம் பயன்படுத்துகிறீர்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, முழு நினைவோடு இருப்பவருக்கு ஆக மொத்தம் 15. ஒருமுறை பார்த்துக் குறித்த எண்ணால் பெரிய பயன் இல்லை. ஏற்றும்போது 14, இருபது நிமிடம் கழித்து 10 என்று இரண்டு எண்களும் இரண்டு நேரங்களும் ஒரே தாளில் இருந்தால், அறுவை சிகிச்சை நிபுணரை உறக்கத்திலிருந்து எழுப்பலாமா என்று யோசிக்கும் மருத்துவருக்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை. ஷிஃப்ட் முடிவில், அதற்குள் வேறு மூன்று கேஸ்களைப் பார்த்துவிட்டு, ஞாபகத்திலிருந்து இட்டு நிரப்பும் 14-க்கும் 10-க்கும் என்ன மதிப்பு?

அந்த மருத்துவர் நடந்துகொண்டது தவறு. கொண்டுவந்தவர் சொல்வதைக் கேட்காமல் நோயாளியை ஏற்றுக்கொள்வது அவருடைய தொழிலுக்கே இழுக்கு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் கேட்க மறுத்தது உங்கள் வாய்மொழியை. தாளை நீட்டியிருந்தால், அதில் நேரத்தோடு கையெழுத்துக் கேட்டிருந்தால், அதையும் மறுத்திருப்பாரா?

மறுக்கத்தான் பார்ப்பார்கள். அதையும் நான் கண்டிருக்கிறேன். என் பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு நாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு வலது கை தொங்கிப்போய், வாய் கோணியது. 108 வந்தது. அதில் வந்த பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, பெரியம்மாவிடம் ஒரே கேள்வியை விடாமல் கேட்டார்: “கடைசியா எத்தனை மணிக்கு நல்லாப் பேசினார்?” பெரியம்மா, “காலையில நல்லாத்தாம்மா இருந்தார்” என்றார். அந்தப் பெண் அதை ஏற்கவில்லை. காபி குடித்தாரா, யாரிடமாவது பேசினாரா, செய்தித்தாள் வாங்கினாரா என்று கேட்டுக் கேட்டு, பால்காரரிடம் மாதக் கணக்கு பேசியது வரை வந்து, எங்களைக் கொண்டு பால்காரருக்கே போன் போடவைத்து, நேரத்தை உறுதிசெய்து, தம் கையுறையின் புறங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். எங்களுக்கோ எரிச்சல். உயிர் போய்க்கொண்டிருக்கும்போது பால் கணக்கு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று என் சித்தப்பா சத்தம் போட்டார். அந்தப் பெண் அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சரின் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, கேட்பதைக் கேட்டு முடித்தார்.

மூளையின் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதும், அந்தக் கணக்கு நாம் கோளாற்றைக் கவனித்த நேரத்திலிருந்து அல்லாமல் அவர் கடைசியாக நலமாக இருந்தது தெரிந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நேரம் தெரியாவிட்டால் பெரும்பாலும் ஊசி கிடையாது. மருத்துவமனையில் அந்தப் பெண் சொன்னதையும் யாரும் சரியாகக் கேட்கவில்லை. “வெச்சுட்டுப் போம்மா” என்ற குரல் எனக்கும் கேட்டது. அவர் போகவில்லை. தாளை நீட்டி, “நேரம் போட்டுக் கையெழுத்து வேணும் சார்” என்று நின்றார். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் பணியில் இருந்த மருத்துவர் கையெழுத்துப் போட்டார். ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை என்று உறுதியானதும், பிறகு வந்த நரம்பியல் மருத்துவர் அந்தத் தாளிலிருந்த நேரத்தைப் பார்த்துத்தான் ஊசிக்குச் சம்மதித்தார். பெரியப்பா அதன்பின் பல ஆண்டுகள் சற்றே இழுத்து நடந்துகொண்டு, எங்கள் கடிதங்களில் சந்திப்பிழை திருத்திக்கொண்டு இருந்தார். அந்தப் பெண்ணை எங்கள் வீட்டில் யாரும் கடவுள் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

கடவுள் என்று ஜனங்கள் சொல்வது போதும் என்று எழுதியிருக்கிறீர்களே, தம்பி, அந்த வரியைப் படித்தபோது உங்களை எதிரில் உட்காரவைத்துத் திட்டவேண்டும் போலிருந்தது. யாரும் கடவுளிடம் கேஸ் தாள் கேட்பதில்லை, கடவுளுக்குத் தேர்வு வைப்பதில்லை, பணிநேரம் வரையறுப்பதும் இல்லை. அந்தப் பட்டத்தை நீங்கள் ஆசையோடு வாங்கிவைத்துக்கொள்ளும்வரை மற்றவற்றைத் தராமலிருப்பது எல்லோருக்கும் வசதி.

இங்கிலாந்தில் பாராமெடிக், அதாவது ஆம்புலன்ஸில் அவசர சிகிச்சை தரும் பணியாளர், என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொள்ள வேண்டுமானால் சட்டப்படி பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இல்லாமல் சொல்லிக்கொள்வது குற்றம். 2021 செப்டம்பரிலிருந்து அந்தப் பதிவுக்கான பயிற்சிக்கு இளங்கலைப் பட்டத்தின் தரம் வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். பதிவுபெற்றவர்களுக்கான நடத்தை நெறிகள் பத்து. அதில் பத்தாவது, பார்த்த வேலையைப் பதிவுசெய்வது பற்றியது: பதிவு முழுமையாக, தெளிவாக, சரியாக இருக்க வேண்டும், சிகிச்சை கொடுத்தபின் இயன்றவரை உடனே எழுதி முடிக்க வேண்டும். தவறினால் விசாரணை உண்டு, பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் கூடும். கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் உங்கள் பெயரை எங்கிருந்தும் யாராலும் நீக்க முடியாது, ஏனென்றால் எங்கும் அது எழுதப்படவே இல்லை. அந்த மருத்துவர் உங்களை விரட்டியபோது அவருக்குப் பின்னால் ஒரு பதிவு எண் இருந்தது. உங்களுக்குப் பின்னால் வண்டி மட்டும்தான் இருந்தது.

இப்போது பிட்ஸ்பர்க். 1960-களில் அந்த நகரில் நோயாளிகளைக் காவல்துறையின் வண்டிதான் ஏற்றிச்சென்றது. அமெரிக்காவின் வேறு பல ஊர்களில் பிணம் ஏற்றும் வண்டியே ஆம்புலன்ஸாகவும் ஓடியது. மூச்சும் இதயமும் நின்றவருக்குச் செய்யும் உயிர்மீட்பு முதலுதவியை உருவாக்கியவர்களில் ஒருவரான மருத்துவர் பீட்டர் சாஃபர் அங்கேதான் பணியாற்றினார். 1966-இல் அவருடைய மகள் ஆஸ்துமாவால் இறந்தாள். அதே ஆண்டு நவம்பரில், முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் ஒரு கூட்டத்தில் மயங்கி விழுந்து, காவல்துறை வண்டியில் மருத்துவமனைக்குப் போய், நினைவு திரும்பாமலே இறந்தார். மறு ஆண்டு ஃப்ரீடம் ஹவுஸ் என்ற சேவை தொடங்கியது. ஹில் என்ற பகுதியைச் சேர்ந்த, வேலை கிடைக்காத கறுப்பின இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு 300 மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. உடற்கூறு, உடலியங்கியல், அவசர சிகிச்சை என்று அந்நாளில் அமெரிக்காவில் ஆம்புலன்ஸ்காரர்களுக்குப் பெரும்பாலும் கற்பிக்காதவற்றை அவர்கள் கற்றார்கள். பின்னர் மருத்துவ இயக்குநராக வந்த இளம் மருத்துவர் நான்சி கரோலைன், அவர்களோடு வண்டியில் ஏறிப்போய்ப் பாடத்திட்டம் வகுத்தார். நாடு முழுவதற்கும் பிறகு வந்த பாராமெடிக் பாடத்திட்டத்துக்கு அதுவே அடிப்படையாயிற்று.

1975-இல் பிட்ஸ்பர்க் நகராட்சி தன் சொந்த ஆம்புலன்ஸ் துறையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. அதன் ஊழியர்களைப் புதிய துறையில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொண்டபின் தேர்வுகளும் விதிகளும் வந்தன. நாட்டுக்கே தரத்தை வகுத்துக் கொடுத்தவர்களில் பலர், தரம் போதாது என்ற பெயரில் சில ஆண்டுகளுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். எஞ்சியவர்களில் ஒருவரான ஜான் மூன், அதே துறையில் துணைத் தலைவர் பதவி வரை உயர்ந்தார். மற்றவர்கள் சிதறிப்போனார்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்துவிட்டது. உங்கள் தொழிலும் அதன் அட்டவணையில் உள்ளது. அந்தச் சட்டத்தின்படி துணைநிலை மருத்துவப் பணியாளர் என்று கொள்ள, இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்திருக்க வேண்டும். உங்கள் 50 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றாலும், 400 மணி நேரம். சட்டம் மெதுவாகத்தான் நகர்கிறது. 2024-இல் உச்ச நீதிமன்றமே மத்திய, மாநில அரசுகளுக்குக் கெடு விதிக்கவேண்டி வந்தது. ஆனாலும் ஒருநாள் அது வாசலுக்கு வரும். அன்று, 2008 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் இந்த வண்டிகளில் ஏறிய தாவரவியல், விலங்கியல், வேதியியல் பட்டதாரிகளை, ஓடும் வண்டியில் பிரசவம் பார்த்தவர்களை, பாம்புக்கடிக்கும் பூச்சிமருந்துக்கும் ஈடுகொடுத்தவர்களை, எந்த வரிசையில் நிறுத்துவார்கள்? அனுபவத்தைக் கணக்கில் கொள்ளுங்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். ஆதாரம் எங்கே என்று அவர்கள் கேட்பார்கள். ஆதாரம் என்பது அந்தக் கேஸ் தாள்கள்தான். ஷிஃப்ட் முடிவில் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், எல்லா நோயாளிக்கும் 120-க்கு 80 என்று இரத்த அழுத்தம் நிரப்பிய தாள்களை எடுத்துக்கொண்டு எந்த ஆணையத்தின் முன்னால் போய் நிற்பீர்கள்?

உயர்ந்த தரம் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 400 மணி நேரப் பயிற்சியோடு ஒருவரை நடுஇரவில் நெஞ்சடைப்பு நோயாளியுடன் தனியே அனுப்புவது அந்த நோயாளிக்கும் அநியாயம், அனுப்பப்படுபவருக்கும் அநியாயம். அந்தத் தரத்தை வகுக்கும் மேசையில் வண்டியில் போனவர்களும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஆகவே உங்கள் சங்கத்தின் அடுத்த கோரிக்கை மனுவில், போனஸுக்கும் ஷிஃப்டுக்கும் கீழே, மூன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். பணியில் இருப்பவர்களுக்கு, பார்த்த வேலையின் மணிநேரத்தைக் கழித்துக்கொண்டு, மீதியைப் பணியிலிருந்தபடியே படிக்கும் இணைப்புப் படிப்பு வேண்டும். அதன் தேர்வுக் குழுவில் பத்தாண்டு வண்டியில் போன ஈ.எம்.டி.கள் வேண்டும். ஒவ்வொரு கேஸ் தாளிலும் பெற்றுக்கொண்ட மருத்துவரின் பெயர், பதிவு எண், நேரம், கையெழுத்து ஆகியவை இருப்பது கட்டாயமாக வேண்டும். முதல் இரண்டுக்கும் பல ஆண்டுகள் பிடிக்கலாம். மூன்றாவதில் பாதியை நீங்கள் நாளைய ஷிஃப்டிலேயே தொடங்கிவிடலாம். யாரும் கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்பதையும் நேரத்தோடு எழுதிவையுங்கள்.