‘போனதும்’ வேறு, ‘இருந்தால்’ வேறு

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

டிரேடிங்வியூ என்ற பங்குச் சார்ட் தளத்தில், விலை 20 கேண்டில் (ஒவ்வொரு கால அளவின் விலையையும் காட்டும் சார்ட் கட்டை) சராசரிக்கு மேலே போனதும் எனக்குத் தெரிய வேண்டும் என்று ஓர் அலர்ட் எழுதினேன். ‘க்ளோஸ் > எஸ்எம்ஏ(க்ளோஸ், 20)’ என்பதுதான் சூத்திரம் (முடிவு விலை, கடைசி 20 கேண்டில்களின் எளிய சராசரியைவிட அதிகம் என்று பொருள்). 5 நிமிட சார்ட்டில் அது 5 நிமிடத்துக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருக்கிறது. பிறகு இணையத்தில் கிடைத்த ‘கிராஸ்ஓவர்’ சூத்திரம் ஒன்றை ஒட்டி, தினசரி சார்ட்டில் போட்டுப் பார்த்தேன். காலையில் அடித்தது, மாலையில் பார்த்தால் சார்ட்டில் அப்படி எதுவும் நடந்திருக்கவில்லை. எளிய சராசரி நல்லதா, அண்மை விலைக்கு அதிக எடை தரும் எக்ஸ்போனென்ஷியல் சராசரியா? எத்தனை நாள் சராசரி சிறந்தது?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

சென்ற வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் வரைபடத்தாள்கள் கிடைத்தன. அன்றிலிருந்து இதே விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது.

‘மேலே போனதும்’ என்று தமிழில் மிகச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். சூத்திரத்திலோ ‘மேலே இருந்தால்’ என்று எழுதிவிட்டீர்கள். ‘பால் பொங்கியதும் கூப்பிடு’ என்றால் பிள்ளை ஒருமுறை கூப்பிடும். ‘பால் சூடாக இருந்தால் கூப்பிடு’ என்றால் அது ஆறும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். நம் சந்தை 9.15 முதல் 3.30 வரை நடக்கிறது. அதில் 5 நிமிடக் கேண்டில்கள் 75. நாள் முழுவதும் விலை சராசரிக்கு மேலேயே இருந்தால் 75 முறை அடிப்பதுதான் முறை. மென்பொருள் உங்கள் சொல்லைத் தட்டவில்லை.

‘போனதும்’ என்று சொல்ல இரண்டு கேண்டில்கள் வேண்டும். இந்தக் கேண்டிலில் விலை சராசரியைவிட அதிகம், முந்தைய கேண்டிலில் அதிகமில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் தாண்டல். முந்தைய கேண்டிலைக் குறிக்கத்தான் டிரேடிங்வியூவில் சூத்திரம் எழுதும் பைன் மொழியில் சதுர அடைப்புக்குள் 1 என்று போடுகிறார்கள். ‘கிராஸ்ஓவர்’ என்ற ஆயத்தச் சொல்லுக்குள் இருப்பதும் இதே இரண்டு வரிகள்தான். அதை விரித்துப் பார்க்கச் சோம்பல்பட்டுவிட்டு, யாரோ எழுதியதை ஒட்டி, அதை நம்பிப் பணத்தைப் போடத் துணிந்திருக்கிறீர்களே தம்பி, மளிகைக்கடைச் சீட்டையாவது கூட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பீர்களா?

‘அதிகமில்லை’ என்றேன், ‘குறைவு’ என்று சொல்லவில்லை. காரணம் அப்பாவின் தாளில் இருக்கிறது. அப்பா கோவையில் ஒரு மில்லில் கணக்கு எழுதினார். காலைச் செய்தித்தாளில் வரும் முந்தைய நாள் விலைகளில் நான்கைந்து கம்பெனிகளை மட்டும் எடுத்து, மில்லிமீட்டர் தாளில் புள்ளி வைப்பார். பின்பக்கத்தில் 20 நாள் விலைகளின் கூட்டுத்தொகை இருக்கும். புதிய விலையைக் கூட்டி, வரிசையின் தலையில் இருக்கும் பழைய விலையைக் கழித்து, 20ஆல் வகுப்பார். ஏதாவது ஒரு கம்பெனி ஒன்றுக்கு ஒன்று போனஸ் (ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசம், அதனால் விலை ஏறக்குறைய பாதியாகும்) கொடுத்தால், பழைய விலைகளையெல்லாம் சிவப்புப் பென்சிலால் பாதியாக்கிவிட்டு மறுபடி கூட்டுவார். (2024 அக்டோபரில் ரிலையன்ஸ் அப்படிக் கொடுத்தது. பழைய விலைகளைத் திருத்தாத தரவை வைத்திருந்தால், அன்று உங்கள் சூத்திரம் இல்லாத வீழ்ச்சியைக் கண்டு அலறியிருக்கும்.)

ஒருநாள் ஒரு சிமெண்ட் பங்கின் விலையும் சராசரியும் ஒரே எண்ணாக, 142 ரூபாயாக, வந்து நின்றன. விலை சராசரியைத் தாண்டினால் டிக் போடும் அப்பா, அன்று போடவில்லை. மறுநாள் 145, டிக் போட்டார். “நேற்றே தொட்டுவிட்டதே அப்பா?” என்று கேட்டேன். “நேற்று வாசற்படியில் நின்றது. இன்றைக்குத்தான் உள்ளே வந்திருக்கிறது” என்றார். முந்தைய நாளுக்கு ‘குறைவு’ என்று மட்டும் நிபந்தனை எழுதியிருந்தால், முதல்நாள் விலை அதிகமில்லை, இரண்டாம் நாளுக்கு முந்தைய நாள் குறைவில்லை. அந்தத் தாண்டல் இரண்டு நாளிலும் பிடிபடாமல் நழுவியிருக்கும். ‘குறைவு அல்லது சமம்’ என்று எழுத வேண்டும். அந்தச் சமக்குறிதான் வாசற்படி. சொந்தமாகச் சூத்திரம் எழுதுகிறவர்கள் பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

எளிய சராசரியா மற்றதா என்ற கேள்விக்கு நான் அதிகம் மெனக்கெடப் போவதில்லை. 20 நாள் கணக்கில் எளிய சராசரி இன்றைய விலைக்கு 5 சதவீத இடம் தருகிறது, மற்றது ஏறக்குறைய 9.5 சதவீதம் தருகிறது, அவ்வளவுதான். எத்தனை நாள் சிறந்தது என்பது கேள்வியே அல்ல.

காலையில் அடித்து மாலையில் மறைந்ததற்கு வருகிறேன். தினசரி சார்ட்டில் காலை 10 மணிக்கு ‘க்ளோஸ்’ என்பது அந்த நொடியின் விலைதான். அது சராசரிக் கோட்டைத் தாண்டியபோது அலர்ட் அடித்தது. பிறகு விலை கீழே இறங்கி அங்கேயே முடிந்தது. முடிந்த கேண்டிலில் தாண்டலுக்குச் சுவடு இல்லை. அலர்ட் அமைப்பில் ‘ஒன்ஸ் பெர் பார் க்ளோஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேண்டில் முடிந்த பிறகுதான் அடிக்கும். இதற்கு ஒரு விலை உண்டு. தினசரி சார்ட்டில் செய்தி உங்களுக்குச் சந்தை மூடிய பின்னரே வரும், வாங்குவதென்றால் மறுநாள் காலை என்ன விலையில் திறக்கிறதோ அதில்தான் வாங்க முடியும். அப்பாவுக்கும் அப்படித்தான். செய்தித்தாள் வந்து, புள்ளி வைத்து, வகுத்து, டிக் போட்டுவிட்டு, மில்லுக்குப் போகிற வழியில் தெருமுனைக் கடையின் தொலைபேசியில் புரோக்கரைக் கூப்பிடுவார்.