தொற்றுக் காலத்தில் வேலையிட உரிமைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸில் கட்டுமான வேலை செய்கிறேன், சேர்ந்து நான்கு மாதங்கள் முடிந்துவிட்டன. தங்குவிடுதியில் என் அறையில் இருவருக்குக் காய்ச்சல். எனக்கும் உடம்பு சரியில்லை. எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எடுத்தால் அந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது என்கிறார் மேற்பார்வையாளர். அது சரியா?

பதில்: சரியல்ல. வேலை நியமனச் சட்டத்தின்படி, மூன்று மாதம் பணியாற்றியவருக்கே சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு கிடைக்கத் தொடங்குகிறது. நான்கு மாதம் முடித்த உங்களுக்கு வெளிநோயாளி விடுப்பு 8 நாள்கள்; மருத்துவமனை விடுப்பு, அந்த 8 நாள்களையும் சேர்த்து, 30 நாள்கள். ஆறு மாதம் நிறைந்ததும் இவை முறையே 14, 60 நாள்களாக உயரும். பதிவுபெற்ற எந்த மருத்துவர் தரும் சான்றும் செல்லும். விடுப்பு எடுப்பதை 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

பலர் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சட்டப்படியான தனிமைப்படுத்தும் உத்தரவு உங்களுக்கு வழங்கப்பட்டால், நீங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படாவிட்டாலும் அந்த நாள்கள் மருத்துவமனை விடுப்பாகவே கருதப்படும். மேலும், வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரின் மருத்துவச் செலவை ஏற்பது முதலாளியின் பொறுப்பு.

2020ல் தங்குவிடுதிகளில் கொவிட்-19 கிருமி எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதை நாம் அனைவரும் கண்டோம். ஒரு நாள் சம்பளத்தை இழக்க அஞ்சி ஒருவர் காய்ச்சலை மறைத்தால், அவருடன் அறையிலும் லாரியிலும் இருக்கும் அத்தனை பேரும் ஆபத்துக்குள்ளாகிறார்கள். எனவே சம்பளத்துடன் கூடிய விடுப்பை ஒரு சலுகையாக நான் கருதுவதில்லை. முகக்கவசத்துக்கும் முந்திய பாதுகாப்பு அதுவே. தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: முகக்கவசம், கையுறை ஆகியவற்றுக்கென்று மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு தொகையைக் கழிக்கிறார்கள். கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் முதலாளி செய்துதர வேண்டிய பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு ஊழியரிடம் பணம் வாங்கவோ சம்பளத்தில் பிடிக்கவோ கூடாது. முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்தங்களை அதில் காட்டுவது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். சீட்டே தரப்படவில்லை என்றால் அது தனியொரு சட்டமீறல்.

கேள்வி: மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்யும் என் அம்மாவுக்கு அங்கேயே நோய் தொற்றியது என்று நம்புகிறோம். இழப்பீடு கிடைக்குமா?

பதில்: வேலையின் காரணமாகத் தொற்றியது என்று நிலைநாட்ட முடிந்தால், வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோரலாம். முதலாளி தவறு செய்தார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. மருத்துவ விடுப்புக் காலச் சம்பளம், சிகிச்சைச் செலவு, நிரந்தர உடல் இயலாமை ஏற்பட்டால் அதற்கான மொத்தத் தொகை ஆகியவை இதில் அடங்கும். ஆனால் இருமல் பேருந்திலும் சந்தையிலும்கூடத் தொற்றக்கூடியது என்பதால், கோரிக்கை நிற்பதும் விழுவதும் ஆதாரத்தைப் பொறுத்தது. அம்மா எந்தெந்த நாள்களில் எந்த வார்டில் வேலை செய்தார், அங்கு நோயாளிகள் இருந்தார்களா, உடன் பணிபுரிந்தோரில் யாருக்கு நோய் வந்தது, வீட்டில் வேறு யாருக்கேனும் முன்னதாகக் காய்ச்சல் இருந்ததா என்பவற்றை நினைவு மங்குமுன் எழுதிவையுங்கள். நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். கோரிக்கைக்கு ஓராண்டுக் காலவரம்பு உண்டு.

கேள்வி: எங்கள் இல்லப் பணிப்பெண்ணின் மருத்துவக் கட்டணத்தை அவர் சம்பளத்தில் கழிக்கலாமா?

பதில்: கூடாது. நீங்கள் அவருக்கு எடுத்திருக்கும் மருத்துவக் காப்புறுதி மருத்துவமனைச் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைச் சிகிச்சைக்குமானது. சாதாரண மருந்தகச் செலவு உங்கள் பையிலிருந்துதான் போக வேண்டும். அவர் ஓய்வெடுக்கவும் விடுங்கள்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன். தொற்று கூடும் நேரத்தில் வீட்டிலிருந்து வேலை செய்ய உரிமை உண்டா?

பதில்: கோருவதற்கு வழி உண்டு, கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை. 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள்) வழிகாட்டியின்படி, உங்கள் எழுத்துபூர்வக் கோரிக்கைக்கு நிறுவனம் இரண்டு மாதங்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் தொழில் சார்ந்த காரணத்தைக் கூற வேண்டும். மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து அனுப்புங்கள்.

கேள்வி: பட்டறையில் காற்றோட்டமே இல்லை என்று மனிதவள அமைச்சிடம் புகார் செய்தேன். இப்போது வேலை அனுமதியை ரத்துசெய்து ஊருக்கு அனுப்பப் பார்க்கிறார்கள்.

பதில்: பாதுகாப்பு குறித்து நல்லெண்ணத்துடன் புகார் செய்ததற்காக ஊழியரைப் பணிநீக்கம் செய்வதையும் அப்படி மிரட்டுவதையும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தடைசெய்கிறது. காலம்தான் இங்கே முக்கியம். முறையற்ற பணிநீக்கம் குறித்த கோரிக்கையைக் கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், வேலைத் தகராறுகளைக் கையாளும் ‘டாடெம்’ எனப்படும் முத்தரப்பு அமைப்பிடம் அளித்துவிட வேண்டும். சம்பளப் பாக்கி இருந்தால் அதற்கு ஆறு மாதம் அவகாசம் உண்டு. புகாரின் நகல், சம்பளச் சீட்டுகள், வேலை அனுமதி கிடைக்குமுன் தமிழில் தரப்பட்ட முன்னொப்புதல் கடிதம் (ஐபிஏ) ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டார் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். இன்றே மனிதவள அமைச்சையோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையோ அணுகுங்கள். கோரிக்கை நிலுவையில் இருப்பவர்கள் சிறப்பு அனுமதியில் இங்கே தங்க அமைச்சு இடமளிப்பதுண்டு. அதற்குள் உங்களைச் சாங்கி விமான நிலையத்துக்கே அழைத்துச் சென்றுவிட்டாலும், குடிநுழைவு முகப்பில் இருக்கும் அதிகாரியிடம் ‘எனக்குத் தீராத புகார் இருக்கிறது’ என்று சொல்லலாம்.