கல்கட்டில் வெயில் காயும் விரியன்

கேள்வி: கோத்தகிரி அருகே வீடு. பின்புறக் கல்கட்டில் (மண் சரியாமல் தாங்கும் கற்சுவரில்), பிடரியில் லாடக் குறியுள்ள குட்டையான பழுப்புப் பாம்பு தினமும் ஒரே இடத்தில் வெயில் காய்கிறது. வயிறு பருத்திருப்பதால் சினை என்கிறார்கள். பாம்பு பிடிக்கும் ஒருவர், "உள்ளே கூடு இருக்கு, மொத்தமா எடுக்க ஐயாயிரம்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. உள்ளே கூடு எதுவும் இல்லை.

நீங்கள் சொல்லும் அடையாளம் லாடக் குழிவிரியனுக்குப் பொருந்துகிறது. நீலகிரி, பழனி மலைகளின் உயரத்தில் வாழ்வது. நம் மலை விரியன்கள் முட்டையிடாமல் குட்டி போடுபவை. கரு வளரச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைப் பாம்பு வெயிலில்தான் வாங்கியாக வேண்டும். தேயிலைச் செடியடியிலோ சோலைக்குள்ளோ வெயில் விழாது. உங்கள் கல்கட்டில் வெயிலும் உண்டு, பொழுது சாய்ந்த பின்னும் சூடு தாங்கும் கல்லும் உண்டு, ஆள் வந்தால் நுழைந்துகொள்ள இடுக்கும் உண்டு. குட்டி போட்டபின் அங்கேயே கிடக்க அதற்கு அவசியமில்லை. குட்டிகளும் சிதறிவிடும், அதுவரை பொறுத்திருக்கலாம். ஆனால் பிறந்த குட்டிக்கே விஷம் உண்டு.

இந்தக் 'கூடு' வியாபாரத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பாம்பைப் பிடித்ததும், ஜோடி பழிவாங்க வரும் என்று அடுத்த தொகை கேட்பார்கள். சாக்கில் கொண்டுவந்ததையே இடுக்கிலிருந்து எடுத்ததாகக் காட்டுவோரும் உண்டு. பிறகு பொடி, பினாயில், பூண்டுக் கரைசல்! எதற்கும் பாம்பு ஓடாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதியின்றிப் பிடிப்பதே குற்றம். விசாரணை உங்கள் வாசலுக்கும் வரும். வனத்துறையிடம் சொல்லுங்கள். 'அது பட்டா நிலமாச்சே' என்று இழுத்தால் விடாதீர்கள். பட்டா நிலத்தில் இருந்தாலும் வனவிலங்கு வனவிலங்குதான்.

ஒரே ஒரு பாம்புக்கு மட்டும் இந்தப் பொறுமை ஆகாது. உடல் நீண்டு தடித்து, முதுகில் சங்கிலிபோல மூன்று வரிசை நீள்வட்டப் புள்ளிகளோடு, குக்கர் ஆவி விடுவதுபோலச் சீறினால் அது கண்ணாடி விரியன். மலையின் கீழ்ச்சரிவுகளில் இருப்போர் கவனிக்க வேண்டும். அதுவும் குட்டி போடுவதுதான், ஒரே ஈற்றில் 20, 30 கூட. மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் தூக்கியவர்கள் உண்டு. சந்தேகமென்றால் கிட்டே போகாமல் படமெடுத்து, அன்றே வனத்துறையை அழையுங்கள்.

எது கடித்தாலும் கயிறு கட்டாமல், கீறாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். படம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகச் செய்தது. குழிவிரியன் அந்தப் பட்டியலில் இல்லை. மலையில் இத்தனை பேர் கொழுந்து பறிக்கிறார்கள், பட்டியல் மட்டும் சமவெளியிலேயே நிற்கிறது.

பாம்பு போனபிறகு, மழைக்கு முன் இடுக்குகளைச் சிமென்ட் கலவையால் பூசுங்கள். தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கல்கட்டே சரிந்துவிடும். அவற்றுக்குக் கம்பிவலை போதும். அதுவரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம். விறகையும் அங்கே அடுக்கவேண்டாம்.