கேளுங்கள், சொல்கிறேன்: மாட்டுச் சந்தைக்கா லண்டன் விமானம்?

கேள்வி: ஜூலையில் இங்கிலாந்தின் லீட்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஹாரோகேட்டில் நடக்கும் ‘கிரேட் யார்க்‌ஷயர் ஷோ’வுக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறாள். “மாடு பார்க்கவா விமானம் ஏறணும்?” என்கிறார் என் வீட்டுக்காரர். போகலாமா? மழை வந்தால்? - வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் போங்கம்மா. அது சந்தை இல்லை என்று முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். மாடு அங்கே விலைபோக வருவதில்லை, மார்க் வாங்க வருகிறது. 1838-லிருந்து நடக்கிற விவசாயக் கண்காட்சி.

நான் போனபோது காலை முழுக்க ஸ்டால் ஸ்டாலாகச் சுற்றி, தலைக்குப் பொருந்தாத ஒரு கம்பளித் தொப்பியை வாங்கியதுதான் மிச்சம். கால் கடுத்து உட்கார்ந்த இடம் தற்செயலாக ஆட்டுப் போட்டி நடக்கும் ரிங். கருமுகச் சஃபோக் ஆடுகள் வரிசையாக நிற்க, பக்கத்தில் வெள்ளைக் கோட்டில் அவற்றின் சொந்தக்காரர்கள். நடுவர் ஆட்டைப் பார்க்கவே இல்லை! எங்கோ பார்த்தபடி இடுப்பு எலும்பின் மேல் விரல்களை அழுத்திக்கொண்டே போகிறார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் நம்மூர் தரகர் முகம் அப்படியே. ரோமம் கண்ணை ஏமாற்றும், அடியில் சதை எவ்வளவு என்பது கைக்குத்தான் தெரியுமாம். நாலாவதாக நின்ற பையனைத் தலையசைத்து முன்னால் கூப்பிட்டார். பன்னிரண்டு வயதிருக்கும். சிவப்பு ரிப்பன் கைக்கு வந்தபோது அவன் ஆட்டைத்தான் கட்டிக்கொண்டான், அப்பாவை அல்ல. அங்கே சிவப்பு முதல் பரிசு, நீலம் இரண்டாவது.

பன்றிப் போட்டியைத் தவறவிடாதீர்கள். பன்றியை ஓட்டிப் போகக் கயிறு கிடையாது. ஒரு கையில் பலகை, மறு கையில் குச்சி, அவ்வளவுதான். நம் பண்ணைகளில் வளர்க்கும் வெள்ளை யார்க்‌ஷயருக்கு அதுதான் பிறந்த மண்.

இந்த மாதிரிக் கண்காட்சிகளில் கேக் போட்டியும் உண்டு. விக்டோரியா ஸ்பான்ஜ் என்கிற கேக் மேல் ஆறவைத்த கம்பித்தட்டின் தடம் விழுந்திருந்தால் மார்க் போச்சு. நம் மாமியார்களே தேவலை.

மழைக்கு ரப்பர் பூட்ஸ்தான் வழி. 2012-ல் கார் நிறுத்துமிடம் சேறாகி, முதல் நாளோடு ஷோவையே நிறுத்திவிட்டார்கள். டிக்கெட்டை மகளை முன்கூட்டியே எடுக்கச் சொல்லுங்கள். ஆட்டைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். தொப்பி மட்டும் வாங்க வேண்டாம்.