நொண்டல் நின்றதும் குதிரையை ஓட விடலாமா?

பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஆறு வயது கத்தியவார் இனக் குதிரை, முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) கிழிந்துவிட்டது, டாக்டர் லாயத்திலேயே வைத்திருக்கச் சொன்னார், நாலாவது வாரமே நொண்டல் நின்றுவிட்டது, இப்போது கதவை உதைத்து ஒரே ரகளை, தோட்டத்தில் கொஞ்சம் அவிழ்த்து விடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். வலியும் வீக்கமும் சில வாரங்களில் வடிந்துவிடும், ஆனால் கிழிந்த இடத்தில் முதலில் உருவாகும் நார் தாறுமாறாகக் கிடக்கும், பலமே இருக்காது, அது நீளவாக்கில் வரிசைக்கு வந்து இறுகுவதற்கு 9 முதல் 12 மாதம்கூட ஆகும். அதற்குள் நன்றாக ஒரு துள்ளு துள்ளினாலே பழைய இடத்தில் மறுபடி கிழியலாம். நல்ல நல்ல குதிரைகள் வீணாவது இந்தக் கட்டத்தில்தான். கால் ஆறிவிட்டதா என்பதை நடையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ரகளைக்குப் பெரும்பாலும் தீனிதான் காரணம். வேலையே இல்லாத குதிரைக்குக் கொள்ளும் ஓட்ஸும் பழைய அளவிலேயே போனால் அந்தத் தெம்பு எங்கே போகும்? அதைக் குறைத்துவிட்டு, காய்ந்த புல்லை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், 350 கிலோ குதிரைக்கு 5 முதல் 7 கிலோ. கண்ணில் படும் தூரத்தில் இன்னொரு குதிரையோ ஆடோ நின்றால் பாதி அடங்கிவிடும்.

நின்ற இடத்திலேயே நிற்பதால் குடல் மந்தமாகும், அதனால் லத்தியைத் தினமும் கவனியுங்கள். வழக்கத்தைவிடச் சட்டென்று குறைந்தாலோ, உருண்டைகள் சின்னதாகக் காய்ந்து விழுந்தாலோ, தீனியை விட்டுவிட்டு விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும், தரையில் மூத்திரம் தேங்கவே கூடாது, குளம்பு அழுகும்.

சரி, நடை எப்போது? டாக்டர் சரி என்றதும் கடிவாளம் போட்டு, கையில் பிடித்து, கெட்டியான சமதரையில் நேராக 5 முதல் 10 நிமிடம், அப்புறம் வாரத்துக்கு 5 நிமிடம் போலக் கூட்டலாம். கயிற்றில் வட்டமடிக்க விடுவது வேண்டவே வேண்டாம். அடக்க முடியாத குதிரை என்றால் நடத்துவதற்கு முன் லேசான மயக்க மருந்து தரலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாக வலி ஊசி போட்டு மட்டும் நடத்தாதீர்கள், வலி மறைந்துவிடும், கிழிசல் மறையாது. மறுநாள் காலையில் முதல் வேலையாகப் புறங்கையால் இரண்டு முன்னங்கால்களின் பின்பக்கத்தையும் தடவி ஒப்பிட்டுப் பாருங்கள். அடிபட்ட காலில் முந்தைய நாளைவிடச் சூடோ தடிப்போ தெரிந்தால் அன்று நடை வேண்டாம், டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.