வீட்டுக்கு ஒரு குட்டி கேமரா: கேள்வி-பதில்

என் போன் 50 மெகாபிக்சல். கடையில் காட்டும் கேமரா 20தான். எதற்கு வாங்க வேண்டும்?

எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். ஆல்பத்தில் ஒட்டும் 4×6 பிரிண்டுக்கு 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலே போதும். ஏ4 அளவுக்கும் 9 தாண்டாது. உங்கள் போனும் வழக்கமாக நான்கு நான்கு பிக்சலைச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தரும்.

கேட்க வேண்டியது சென்சார் அளவு. லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லுதான் சென்சார். காம்பாக்ட் எனப்படும் சாதாரண குட்டி கேமராக்களில் இருப்பது சுமார் 6.2 × 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சோனி ஆர்எக்ஸ்100, கேனான் ஜி7 எக்ஸ் போன்றவற்றில் '1 அங்குல' சென்சார். பெயரில்தான் அங்குலம், அளந்தால் 13.2 × 8.8 மி.மீ. ஆனாலும் பரப்பு நான்கு மடங்கு. இன்றைய நல்ல போன்கள் பலவற்றின் சென்சாரே முதல் வகையைவிடப் பெரியது. அதனால் விலை குறைந்த காம்பாக்ட் வாங்கினால் படம் போனைவிட மோசமாகத்தான் வரும். ஜூம் தேவைப்படுபவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

பள்ளி ஆண்டு விழாவில் எங்களுக்கு எப்போதும் கடைசி வரிசைதான். மேடையில் ஆடும் மகள் எறும்பு மாதிரி தெரிகிறாள்.

விதிவிலக்கு உங்களுக்குத்தான்! கேனான் எஸ்எக்ஸ்740 போன்ற 40 மடங்கு ஜூம் கேமராக்கள் இருக்கின்றன. லென்ஸே நகர்ந்து பெரிதாக்கும் 'ஆப்டிகல்' ஜூமை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது, மெனுவில் அதை அணைத்துவிடுங்கள். ஒரு சங்கடமும் உண்டு. ஜூமைக் கடைசிவரை இழுத்தால் இந்த லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் கால் பங்குக்கும் கீழே போய்விடும், படம் ஆடிப்போகும். பாதி ஜூமில் நிறுத்தி, முழங்கைகளை முன்சீட்டின் முதுகில் ஊன்றிக்கொண்டு எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். அது நாலைந்து வரிசைகூடப் போகாது, முன்னால் இருப்பவர்களின் தலைதான் பளிச்சென்று விழும்.

பட்டனை அழுத்துவதற்குள் குழந்தை திரும்பிவிடுகிறான். கேமரா மந்தமா?

பெரும்பாலும் கேமரா மேல் தப்பில்லை. பட்டனைப் பாதி மட்டும் அழுத்துங்கள். 'பீப்' சத்தத்தோடு பச்சைக் கட்டம் வரும். ஃபோகஸ் முடிந்தது என்று அர்த்தம். அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருங்கள். சிரிக்கும் நொடியில் மீதி அழுத்தம். ஒரே மூச்சில் முழுக்க அழுத்தினால், கேமரா ஃபோகஸ் தேடி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விடும். ஓடும் பிள்ளை என்றால் ஷட்டர் வேகம் 1/250க்குக் குறையக் கூடாது, அதாவது ஷட்டர் ஒரு நொடியில் 250இல் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது.

கார்த்திகை தீபப் படங்கள் வெளிறிப் போகின்றன.

ஃபிளாஷை அணையுங்கள். சரி, அப்புறம் படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அகல் வெளிச்சம் முகத்தில் நிற்கும்.

பழைய ஆர்எக்ஸ்100 ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

2012இல் வந்த முதல் மாடலாக இருந்தாலும் வீட்டுப் படங்களுக்கு இன்றும் தாராளம். நாலைந்து முறை அணைத்துப் போட்டு, லென்ஸ் தடங்கலின்றி வெளியே வந்து உள்ளே போகிறதா பாருங்கள். அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, எஃப்11 என்ற மிகச் சிறிய அளவில் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம். கறுப்புப் புள்ளிகள் விழுந்தால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் சுத்தம் செய்வது செலவு. பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, லென்ஸில் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். சிலந்தி வலை போல ஏதாவது தெரிந்தால் பூஞ்சை, பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அந்தப் பூஞ்சை வராமல் எப்படி வைப்பது?

என் முதல் கேமராவைத் தோல் உறையோடு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தேன். ஒரு மழைக்காலம்தான், லென்ஸ் போயிற்று. உறையை எடுத்துவிட்டு, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். நீல மணிகள் நிறம் மாறினால் காய வைத்துத் திரும்பப் போடலாம். சிலர் அரிசி டப்பாவில் வைக்கிறார்கள். மாவுத்தூள் லென்ஸ் இடுக்கில் போகும், வேண்டாம்.

வாட்டர்ப்ரூஃப் அவசியமா?

கடலில் இறங்கிப் படம் எடுப்பீர்களா? இல்லையென்றால் வேண்டாம்.